கேரியர் காலி

பிப்ரவரி 11, ஞாயிறு

இந்த டைரி இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்தது. நாற்பது நாளாக ஒரு வரி எழுதவில்லை. எழுதும்படி ஒன்றும் நடக்கவும் இல்லை. இன்று நடந்தது.

சர்ச்சில் பூசை முடிந்து வந்து கறியை அடுப்பில் ஏற்றிய நேரம் வில்பிரட் வந்தான். எங்கள் ‘எட்டு மணிச் சங்கு’ குழுவின் பாடகன். இப்போது கண்டோன்மென்ட்டில் மகன் வீட்டில் இருக்கிறான். வந்ததும் வராததுமாகச் சண்டை, போன் பண்ணினால் ஏன் எடுப்பதில்லை என்று. அடித்தால் எடுக்க மாட்டேனா? அடிக்கவே இல்லை. அவன் போனில்தான் ஏதோ கோளாறு.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு கம்பெனி, தொண்ணூறுகளில் சினிமாவுக்கு வெளியே வந்த தமிழ்ப் பாட்டுகளைத் தேடிப் பிடித்துத் திரும்ப வெளியிடுகிறதாம். எங்கள் ‘கேரியர் காலி’யையும் கேட்கிறார்கள். பழைய டேப்பைச் சுத்தம் பண்ணி, போனில் கேட்கும்படி ஏற்றிவிடுவார்களாம். எழுதியவனும் மெட்டுப் போட்டவனும் நான் என்பதால் என் சம்மதம் வேண்டுமாம்.

எங்களிடம் இருந்ததே அந்த ஒரு பாட்டுதான். பகலெல்லாம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேகன் தகரத்தில் ரிவிட் அடித்துவிட்டு, மாலையில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் ராக் வாசித்துப் பழகிய நாலு பேர் நாங்கள். நான் டிரம்ஸ். 1993இல் கேசட் போட்டபோது இன்னொரு பக்கத்துக்குப் பாட்டு இல்லாததால் இரண்டு பக்கமும் அதையே பதிந்துவிட்டோம். மாற்றிப் போட்டாலும் இதுவேதான் வருகிறது, கேசட் பழுது என்று ஜனங்கள் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியும் அந்த வருஷம் திருச்சியில் அது ஒலிக்காத டவுன் பஸ் இல்லை.

இப்போது விட்டால் ஓடுமா என்று வில்பிரட்டிடம் கேட்டேன்.

“ஓடாதுடா தாஸ். இன்னைக்குப் பசங்க இருபது செகண்டுக்கு மேல எதையும் கேக்குறதில்ல. நம்ம பாட்டுல நான் வாயைத் தொறக்கவே நாப்பது செகண்டு ஆவுது.”

ஓடும் என்றேன் நான். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம்.

மாலை ஐந்து மணிக்கு ஜெனிட்டா போன். கல்யாணமாகிப் புனே போனதிலிருந்து மகளுக்கு ஞாயிறு ஐந்து மணிதான் என் நேரம். வழக்கத்தைவிட அதிகம் பேசினாள். அங்கே சிக்னல் சரியில்லை, ஒன்றும் தெளிவாக வரவில்லை. நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன்: நல்லதும்மா, ரொம்ப நல்லது, மாப்பிள்ளையைக் கேட்டேன்னு சொல்லு, இருக்கிற இடத்துல சந்தோஷமா இரு. பாட்டு விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமியார் மைக்கை விழுங்கிவிடுகிற மாதிரி வைத்துக்கொண்டு முணுமுணுக்கிறார். பிரசங்கத்தில் ஓரிடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். ரோசலின் இருந்தால் என்ன சொன்னார் என்று காதோரம் சொல்லியிருப்பாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. அதிலிருந்து ஊரே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. மனைவியைப் பறிகொடுத்தவன் முன்னால் சத்தமாகப் பேசக் கூடாது என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

கேஸ் சிலிண்டர்காரர் பெல் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம். சுத்தப் பொய். பெல்லுக்கு இந்த மாதம் இரண்டு முறை பேட்டரி மாற்றியிருக்கிறேன்.

தவக்காலத்துக்கு எதையாவது விட வேண்டும். சிகரெட்டை விட்டு இருபது வருஷம். கறியும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். யோசித்துப் பார்த்தால் விடுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

பிப்ரவரி 17, சனி

சென்னைக் கம்பெனியின் சவுண்ட் இன்ஜினியர் வாட்ஸப்பில் வந்தாள். பெயர் யாழினி, வயது இருபத்தாறாம். பாட்டைப் பற்றி முதல் கேள்வியே, “சார், டபுள்ஸ் போறதுன்னா என்ன? அதுக்கு ஏன் போலீஸ் வருது?”

சிரித்துவிட்டேன். நான் தனியாகச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. ஒரே சைக்கிளில் இரண்டு பேர் போவதுதான் டபுள்ஸ், அது அப்போது குற்றம், போலீஸ் பிடித்தால் டயரில் காற்றை இறக்கிவிட்டுத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார் என்று விளக்கினேன். ஒற்றை விரலால் அடித்து முடிக்க அரை மணி நேரம். ‘செம சார்’ என்று பதில். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு சுத்தம் பண்ணிய பாட்டை அனுப்பினாள். இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டிரம்ஸ் நேற்று அடித்த மாதிரி இருந்தது. வில்பிரட்டின் குரலில் அந்தப் பழைய திமிர் அப்படியே இருந்தது.

கேரியர் காலி, காத்து நல்லா வருது,
ஏறு ஏறு –
போலீஸ் வந்தா இறங்கி நடந்துக்கலாம்,
ஏறு ஏறு –

கோடு போட்ட இடத்தில் சைக்கிள் பெல் வர வேண்டும். பாட்டின் உயிரே அதுதான். பையன் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட வெட்கப்பட்டுப் பெல்லை அடிக்கிறான். இன்ஸ்டிட்யூட் கச்சேரியில் அந்த இடம் வந்ததும் கூட்டத்தில் அவனவன் தன் ஆள் பேரைக் கத்துவான். வலது கையால் டிரம்ஸ், இடது கையால் பெல் என்று இரண்டையும் அடித்தவன் நான். அந்தப் பெல்லை ரோசலினின் சைக்கிளிலிருந்து கழற்றி வந்தேன். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மற்றவர்கள் கத்தும்போது நான் மட்டும் வாயைத் திறக்காமல் அவளைப் பார்த்து அடிப்பேன்.

பெல்லை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வெறும் ஓட்டை இருக்கிறது. சுத்தம் பண்ணுகிறேன் என்று பெல்லையும் அழுக்கென்று துடைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை போனைக் கையில் வைத்திருந்தேன். ஜெனிட்டா பேசவில்லை. வேலையாக இருக்கும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பெல் எங்கே என்று கேட்டிருந்தேன். ‘பெல் இருக்கே சார், ரொம்ப க்யூட்டா இருக்கு’ என்று எழுதியிருக்கிறாள். ஆறு முறை கேட்டேன். இல்லை. காது நன்றாகக் கேட்கிற யாரையாவது விட்டுக் கேட்கச் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன். கொஞ்சம் அதிகப்படிதான். அடித்து முடித்த பிறகு அழிக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

பெல் சத்தத்தைக் கூட்டி வைத்து இன்னொன்று அனுப்பினாள். அதிலும் ஓட்டைதான். கூடவே ஒரு படம்: பாட்டின் சத்தத்தைக் கோடுகோடாக வரைந்து, பெல் வரும் இடத்தையெல்லாம் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். படம் போட யாருக்குத்தான் தெரியாது?

பொறுக்க முடியாமல் போன் போட்டேன். மளமளவென்று பேசினாள். கடைசியில் ஏதோ கேட்டு நிறுத்தினாள். சரிம்மா, சரி என்றேன். பத்து நிமிஷத்தில் மெசேஜ்: ‘ஓகே சொன்னதுக்கு நன்றி சார். இதையே மார்ச் 15 வெளியிடறோம்.’

நான் எப்போது ஓகே சொன்னேன்? ஏமாற்றுக்காரர்கள். வெளியிட முடியாது, சம்மதம் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டுச் சர்ச்சில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போனேன். பதினாலு ஸ்தலத்தில் ஒன்றிலும் மனம் நிற்கவில்லை.

பெல் இல்லாமல் விட்டால் பாட்டு படுத்துவிடும். பிறகு ஓடாது என்று சொன்ன வில்பிரட் ஜெயித்துவிடுவான். ஜெனிட்டாவும் கேட்டுவிட்டு, இதற்காகவா அப்பா இவ்வளவு பெருமை அடித்தார் என்று நினைப்பாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

போன் இல்லை. ‘பிஸிப்பா’ என்று ஒரு சொல் வந்தது.

பிப்ரவரி 28, புதன்

கம்பெனிக்காரர்கள் வில்பிரட்டைத் தூது அனுப்பினார்கள். என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் போனில் பாட்டை வைத்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஏறு ஏறு’ முடிகிற ஒவ்வொரு முறையும் அவன் கண்கள் லேசாகச் சுருங்கின. கூசுகிற சத்தம் கேட்டால் சுருங்குமே, அப்படி.

“கேக்குதுடா தாஸ். நல்லாக் கேக்குது. கொஞ்சம் ஓவராவே கேக்குது.”

நீயும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டாயா என்றேன். இந்தப் பாட்டு மண்ணைக் கவ்வ வேண்டும் என்றுதானே முதல் நாளிலிருந்து ஆசைப்படுகிறாய் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத வேண்டாம். அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

“ரோசலின் இருந்தவரைக்கும் யாரு என்ன சொன்னாலும் உனக்கு ஒருதரம் திருப்பிச் சொல்லும். அது ஏதோ அதோட பழக்கம்னு நெனச்சோம். இப்பத்தான்டா புரியுது.”

வெளியே போ என்றேன். போய்விட்டான்.

பிப்ரவரி 29, வியாழன்

துணி துவைத்தேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டு வாசல்வரை போய்விட்டது. கூப்பிட்டார்களாம்.

மார்ச் 2, சனி

குக்கரில் எத்தனை விசில் வந்தது என்று நான் எண்ணுவதில்லை. வெயிட் தூக்குவதைப் பார்த்துத்தான் எண்ணுகிறேன். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

சந்தைப் பக்கம் மீரான் பாய் சைக்கிள் கடைக்குப் போனேன். பெல் வேண்டும் என்றேன். எந்த வண்டிக்கு என்று கேட்டார், ஏதாவது ஒன்று கொடுங்கள் என்றேன். பித்தளை மாதிரி பளபளக்கும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அடித்தேன். உள்ளே பல்சக்கரம் சுற்றுவது கட்டைவிரலுக்குத் தெரிந்தது. மூடி நடுங்கியது. விசை திரும்பும் கடக் சத்தம் மட்டும் வந்தது. இது பழுது என்றேன். இன்னொன்று கொடுத்தார், அதுவும் பழுது. பெட்டியில் இருந்ததையெல்லாம் நானே எடுத்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். டயருக்குக் காற்றடிக்க வந்திருந்த பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டது.

மீரான் பாய் மெதுவாக என் கையின்மேல் கையை வைத்து நிறுத்தினார்.

“போதும் சார். எல்லாம் நல்லாத்தான் அடிக்குது.”

அவர் குரல் கட்டைக் குரல், நன்றாகக் கேட்டது. ஒரு பெல்லை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் ஒரு லாரி என்னை உரசிக்கொண்டு போனது. டிரைவர் திட்டியது வாய் அசைவிலிருந்து தெரிந்தது. ஹார்ன் அடித்திருப்பார்.

மார்ச் 6, புதன்

முப்பத்தாறு வருஷம் ரிவிட். ராத்திரி டிரம்ஸ். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று ரோசலின் படித்துப் படித்துச் சொன்னாள். பஞ்சு வைத்தால் சக ஆட்கள் கேலி செய்வார்கள் என்று அதை லஞ்ச் டப்பாவிலேயே வைத்துத் திருப்பிக் கொண்டுவருவேன். பிறகு அவளே எனக்குக் காதாகிவிட்டாள், நான் கவனிக்கவில்லை. அவளும் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

யாழினிக்கு எழுதினேன். மன்னிக்க வேண்டும் அம்மா, பெல் இருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. இரண்டு நிமிஷம் கழித்துப் பதில்: ‘ஐயோ சார், பரவாயில்ல. உங்களுக்காகத்தான் சத்தம் ஏத்தி வெச்சேன். பழைய அளவுக்கே இறக்கிடவா?’ உன் காதுக்கு எது சரியோ அப்படி வை, எனக்குச் சம்மதம் என்று போட்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. வில்பிரட் போன் அடித்தது நிஜம். சிலிண்டர்காரர் வந்தது நிஜம். யாழினியிடம் சரி என்று நான் சொன்னதும் நிஜம்.

அப்படியானால் பிப்ரவரி 11 அன்று ஜெனிட்டா என்ன சொன்னாள்?

மார்ச் 8, வெள்ளி

அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். வழக்கத்தைவிட அதிகம் பேசினாள் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மெசேஜ் அடித்தேன். அழித்தேன். சிலுவைப்பாதைக்குப் போகவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

அடித்தேன், அழித்தேன். என்னவென்று கேட்பது? மகள் பேசியதை ஒரு மாதம் கழித்து என்ன சொன்னாய் என்று கேட்கும் தகப்பன் உலகத்தில் உண்டா? ஒருவேளை சாதாரண விஷயமாக இருக்கலாம். வீடு மாற்றியிருப்பார்கள். குழந்தை உண்டாகியிருக்கலாம், அதற்கு நல்லது என்று நான் சொன்னது சரிதானே. அப்படியானால் அதன்பிறகு அவள் ஏன் பேசவில்லை?

மார்ச் 15, வெள்ளி

பாட்டு வெளியானது. வில்பிரட்டுக்கு மன்னிப்புக் கேட்டு ஒன்று, ஜெனிட்டாவுக்குப் பாட்டின் லிங்க் ஒன்று அனுப்பினேன். வில்பிரட் உடனே கிளம்பி வந்தான். பிரியாணி வாங்கிக்கொண்டு வந்திருந்தான். தவக்கால வெள்ளிக்கிழமை என்பது இரண்டு பேருக்கும் கவரைப் பிரித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கறியை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் தின்றோம்.

ஜெனிட்டாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

மார்ச் 22, வெள்ளி

ஒரு வாரத்தில் இரண்டாயிரத்து முந்நூறு பேர் கேட்டிருக்கிறார்கள். இது ஓடியதா ஓடவில்லையா என்று யாழினியிடம் கேட்டேன். ‘ஓடல சார், நடக்குது’ என்று உண்மையைச் சொன்னாள். வில்பிரட் சொன்னதுதான் சரி. பாதிப் பேர் அவன் வாயைத் திறக்கும் முன்பே ஓடிவிட்டார்களாம், அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இருந்து கேட்டவர்கள் கீழே எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன். படிப்பதில் எனக்கு ஒரு வசதி, அங்கே யாரும் முணுமுணுப்பதில்லை. பெல் வரும் இடத்தில் ஆளுக்கொரு பேரை நிரப்பியிருக்கிறார்கள். வினோதினி. ஷாஹிதா. ஒருவன் தன் நாய்க்குட்டியின் பேரை எழுதியிருக்கிறான். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்ஸ்டிட்யூட் ஹாலில் கத்தியவர்களுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு பெண் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: ‘ஏறு ஏறுன்னு சொல்லிட்டே இருக்கான். அவ என்ன சொன்னான்னு யாராச்சும் கேட்டீங்களா?’

பலரும் அதற்குச் சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் படித்தபிறகு வேறெதையும் படிக்க முடியவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

குருத்து ஞாயிறு. சர்ச்சில் கொடுத்த ஓலையைக் கொண்டுவந்து ரோசலின் படத்துக்குப் பின்னால் செருகினேன். ஐந்து மணிவரை காத்திருக்கவில்லை. மதியமே அடித்து, அழிப்பதற்கு முன்னால் அனுப்பிவிட்டேன்.

‘ஜெனிட்டா, எனக்குக் காது கேட்பதில்லை. ரொம்ப நாளாகவே. உன்னிடம் மறைத்தேன், எனக்கே மறைத்தேன். பிப்ரவரி 11 அன்று நீ சொன்ன ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. கேட்டது மாதிரி பேசிவிட்டேன். என்ன சொன்னாய் என்று எழுதுவாயா?’

இரண்டு நீலக் கோடு விழுந்தது. எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. கால் மணி நேரம் அப்படியே போனது. பிறகு வந்தது. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

‘அப்பா, நானும் கெவினும் பிரிஞ்சு மூணு மாசம் ஆச்சு. தனியாத்தான் இருக்கேன். அன்னைக்கு அதைத்தான் சொன்னேன். நீங்க ரொம்ப நல்லதுன்னு சொன்னீங்க. மாப்பிள்ளையைக் கேட்டேன்னு சொல்லுன்னீங்க. கொஞ்ச நாள் அங்க வந்து உங்ககூட இருக்கட்டுமான்னு கேட்டேன். இருக்கிற இடத்துல சந்தோஷமா இருன்னுட்டீங்க. கோவத்துல சொல்றீங்கன்னு நெனச்சேம்ப்பா.’

படித்துவிட்டு என்ன செய்தேன் என்று தெரியவில்லை. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். ‘வா’ என்று அடித்து அனுப்பினேன். போதாது என்று பட்டது. ‘இன்றைக்கே வா’ என்று இன்னொன்று அனுப்பினேன்.

போன் கையில் நடுங்கியது. திரையில் அவள் படம். எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டேன். பேசினாள். மூச்சும் விசும்பலும் மட்டும் வந்தன, சொற்கள் வரவில்லை. நல்லதும்மா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“எனக்குக் கேக்கலம்மா. திருப்பிச் சொல்லு.”

சொன்னாள். கேட்கவில்லை, இன்னொரு முறை என்றேன். சொன்னாள். நாலு முறை சொன்னாள், நாலு முறையும் எனக்குக் கேட்கவில்லை. அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.